நாலாவது கியரில் தட்டுகிறவர்

குடுக்… குடுக்… குடுக். இருட்டுக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது. எங்கள் தொழிலில் எப்போதும் அப்படித்தான், சத்தம் முதலில் வரும், வண்டி பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

நான் கார் ரிப்பேர் செய்கிற போமன். சுங்கை லாலாங்கில், செம்பனைத் தோட்டத்துக்குப் பிரிகிற சந்தியில் எங்கள் பெங்கெல், கார்ப் பட்டறை. பகலில் அது சீன முதலாளி ஆ ஹெங்குடையது. இரவு ஏழு மணியிலிருந்து காலை எட்டு வரை என்னுடையது. ஷிப்டு வேலைக்காரர்கள் பகலில் தூங்குகிறார்கள், அதனால் அவர்களுடைய கார்களுக்கு இரவில்தான் வைத்தியம். நான் எந்தப் பள்ளியிலும் படித்தவனில்லை. கழற்றிப் பார்த்துக் கற்றது பாதி, தூக்கம் வராத பகல்களில் புத்தகமும் கைப்பேசியும் பார்த்துக் கற்றது மீதி.

உங்களிடமும் ஒரு பழைய கார் இருக்கும். திடீரென்று எங்கேயோ ஒரு சத்தம். உடனே ரேடியோவைக் குறைத்துவிட்டு, பேசுகிறவர்களைச் 'சும்மா இருங்க' என்று அடக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவீர்களே, அந்த ஐந்து நிமிடம் உங்களுக்கும் தெரியும். அதனால் உங்களிடம் சொல்லலாம்.

சாவி என் கையில் இருந்தது

அந்தக் குடுக்-குடுக் சின்னையா பூசாரியின் கார். தோட்டத்துக் கோயில் பூசாரி அவர். கார்பரேட்டர் காலத்து வண்டி. வெளியே செம்பனை ஓரமாக நிறுத்தி, விளக்கை அணைத்து, சாவியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டார். வெளியே எஞ்சின் நிற்கவில்லை. யாரோ விட்டு விட்டு இருமுவது போல அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஆள் இல்லை. டாஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஸ்டீயரிங் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, கியரில் போட்டுக் கிளட்சை விட்டேன். ஒரு உதறு உதறி அடங்கிற்று. காரணம் கரி. பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு அதன் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் மிஞ்சும். உள்ளே வந்த காற்றும் பெட்ரோலும் அந்தச் சின்ன இடத்துக்குள்தான் நசுங்க வேண்டும். அங்கே கரி படிந்தால் இடம் இன்னும் சுருங்கும், அமுக்கம் ஏறும், சூடு ஏறும். கரி தணலாகக் கனன்று, சாவி இல்லாமலே பெட்ரோலைப் பற்றவைக்கும். இதையெல்லாம் நான் விளக்கமாகச் சொன்னேன். பெஞ்சில் தன் காருக்காகக் காத்திருந்த ஜெயந்தி என்னைப் பார்க்கவே இல்லை. நின்றுபோன அந்தக் காரின் காலி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு விளையாட்டாகத்தான் கேட்டார்: "சாவி ஒங்கையில இருக்கு, கெரெத்தா அது பாட்டுக்கு ஓடுது. அப்ப யாருடா மணியம் ஓட்டுறது?"

சிவப்பு எண்ணெய்

ஜெயந்தியின் கார் என்று சொன்னாலும் அது மோகனின் கார். அவள் புருஷன். குருணில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். லீவு நாளெல்லாம் இந்தப் பெங்கெலில்தான் கிடப்பான். அந்த எஞ்சினை அவனும் நானும் சேர்ந்து கட்டினோம். எஞ்சினின் மேல்மூடியை, நாங்கள் ஹெட் என்போம், இரண்டு முறை இழைத்து உயரத்தைக் குறைத்தான். இழைக்க இழைக்க உள்ளே இடம் சுருங்கும், அமுக்கம் கூடும், வண்டி பாயும்.

எவ்வளவு சுருங்கியது என்று அளக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. ஹெட்டைக் குப்புறக் கவிழ்த்து, பெட்ரோல் எரிகிற குழியின் மேல் ஒரு கண்ணாடித் தகட்டை கிரீஸ் தடவி ஒட்டுவோம். தகட்டில் சின்ன ஓட்டை. மருந்துக்கடை சிரிஞ்சில் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய் எடுத்து அந்த ஓட்டை வழியாக விடுவோம். அந்த எண்ணெய் சிவப்பு. டியூப் லைட் வெளிச்சத்தில் அது தகட்டுக்கு அடியில் ரத்தம் மாதிரி பரவும். குழி, ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட் தகடு, பிஸ்டன் மேல்பகுதி எல்லாம் சேர்த்து நாற்பது மில்லி வந்தது. பிஸ்டன் ஏறி இறங்குகிற இடம் நானூறு. ஆக அடியில் இருக்கும்போது நானூற்று நாற்பது, உச்சியில் நாற்பது. வகுத்தால் பதினொன்று. இதுதான் ஸ்டாட்டிக் கணக்கு. எஞ்சின் செத்துக் கிடக்கும்போதே அளந்துவிடலாம்.

அதோடு வெளியூரிலிருந்து ஒரு கேம் தண்டு வாங்கி வந்தான். வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு அது. ரேஸ் கேம், வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும். எல்லாம் பூட்டி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அமுக்கமானியை வைத்துப் பார்த்தான். நான்கிலும் நூற்று அறுபதை ஒட்டி நின்றது. போனெட்டின் அடிப்பக்கத்தில் வெள்ளை மார்க்கரால் நான்கு எண்களையும் எழுதி, ஓரத்தில் கையெழுத்தும் போட்டான். மூடியைச் சாத்திவிட்டுச் சொன்னான்: "பதினொன்னுக்கு ஒன்னுண்ணே. நான் செத்தாலும் இது சாகாது."

சத்தமே இல்லை

அடுத்த மழைக்காலத்தில் டிங்கிக் கொசுக் காய்ச்சலில் போய்விட்டான். நான்கே நாள். தோட்டத்துச் சாலை ஒரு மேட்டில் ஏறி இறங்கும், அந்த மேட்டு உச்சியில்தான் எங்கள் இடுகாடு. அங்கேதான் வைத்தோம்.

ஜெயந்திக்குக் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் இரவு ஷிப்டு. தொழிற்சாலை பஸ் தோட்டத்துக்குள் வராது. ஆகவே மோகனின் கார்தான். அவளோடு தோட்டத்து லைன் வீட்டு வரிசையில் இருக்கிற பெண்கள் நான்கு பேர் அதில்தான் போய் வந்தார்கள். கார் நின்றால் ஐந்து வீட்டில் அடுப்பு நிற்கும். ஆனால் ரேஸ் கேம் போட்ட வண்டி சிக்னலில் நின்றால் மாடு சிலிர்ப்பது போலக் குலுங்கும். அவர்களில் முன் சீட்டில் உட்காருகிற கமலா அக்கா இடுப்பு விட்டுப்போகுது என்று தினமும் திட்டினார். குலுக்கலை நிறுத்தித் தரச் சொல்லி ஜெயந்தி கேட்டாள். பூசாரி கார் தானாக ஓடிய அந்த ராத்திரிதான் மோகனின் கேமைக் கழற்றினேன். எண்ணெய் தடவி, பழைய நாளிதழில் சுற்றி, அலமாரியில் வைத்தேன். வண்டியோடு வந்த கம்பெனி கேமைப் பூட்டினேன். ஹெட்டைத் தொடவில்லை. பதினொன்று அப்படியே இருக்கிறது, மோகன் காலத்தில் ஒரு தொந்தரவும் இல்லை, இனி என்ன வந்துவிடப் போகிறது என்று அமுக்கமானியை வெளியே எடுக்கக்கூட இல்லை. விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தோம். தையல் மெஷின் மாதிரி ஓடியது. ஜெயந்தி போனெட் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பாடா, இப்ப சத்தமே இல்லண்ணே."

முன் சீட்டு

பத்து நாள் கழித்து கமலா அக்கா தனியாக நடந்தே பெங்கெலுக்கு வந்தார். மழை விட்ட சாயங்காலம். ஷட்டரை அப்போதுதான் பாதி தூக்கியிருந்தேன், குனிந்து உள்ளே வந்தார். ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். மோகன் உயிரோடு இருந்தபோது வேலை முடிந்து விடியற்காலை நாலு மணிக்கு வீடு வருவான். ஹாரன் அடித்தால் வரிசையே எழுந்துவிடும் என்று, ஜன்னல் கம்பியில் கார் சாவியால் தட்டுவான். டக் டக் டக். ஜெயந்தி எழுந்து கதவைத் திறப்பாள். லைன் வீட்டில் எல்லோருக்கும் அந்தத் தட்டு தெரியும்.

அது இப்போது காரில் கேட்கிறது என்றார் கமலா அக்கா. தினமும் இல்லை, எல்லா இடத்திலும் இல்லை. காலையில் ஷிப்டு முடிந்து ஐந்து பேரும் திரும்பும்போது, இடுகாட்டு மேட்டில் ஏறுகிற அந்த ஒரு நிமிடம் மட்டும். மேடு இறங்கினால் நின்றுவிடும். முன்னால் இடது பக்கமிருந்து வருகிறதாம். இரும்பில் சாவி படுகிற மாதிரி. "அது எஞ்சின் சத்தமா இருக்கும்க்கா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தரையில் கிடந்த ஸ்பேனரைக் காலால் ஒதுக்கினார். "இருக்கட்டும். ஆனா நான் இனிமே பின்னாலதான் நெருக்கிக்கிட்டு ஒக்காருவேன். முன் சீட்டு வேணாம் மணியம், அங்க ஆளு இருக்கு."

மூணுல போனா

மறுநாள் காலை நான் சந்தியில் ஏறிக்கொண்டேன். காலியாக இருந்த அந்த முன் சீட்டில்தான் உட்கார்ந்தேன். பின்னால் நான்கு பெண்கள். ஹைவேயில் நாற்பது நிமிடம் ஓடிய எஞ்சின், நல்ல சூடு. தோட்டத்துச் சாலையில் பனி இறங்கியிருந்தது. மேடு வந்தது. ஜெயந்தி நாலாவது கியரிலேயே மெதுவாக, காலை அழுத்தி ஏற்றினாள்.

டக் டக் டக். டக் டக்.

அரை நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சின் 'நாக்' அடிக்கிறது. பிளக் பற்றவைத்த நெருப்பு போய்ச் சேருமுன்பே, அமுக்கம் தாங்காமல் மூலையில் இருக்கிற பெட்ரோல் தானாக வெடிக்கும், இரும்பு கணகணக்கும். பாரம், சூடு, மேடு, குறைந்த வேகம் நான்கும் சேர்ந்தால் வருகிற சத்தம். நூறு கார்களில் கேட்டிருக்கிறேன். ஆனாலும், ஜன்னலுக்கு வெளியே மோகனின் கல்லறைமேல் போட்டிருந்த நீல வாளி தெரிந்தபோது, என் கை மயிர் எழுந்து நின்றது. "மூணுல போடும்மா" என்றேன். போட்டாள். எஞ்சின் வேகமெடுத்தது, சத்தம் அறுந்தது. அடுத்த நொடியே அவள் மறுபடி நாலுக்குத் தள்ளினாள். டக் டக் டக். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், யாருக்கோ வழி சொல்வது போலச் சொன்னாள்: "மூணுல போனா அவரு வரமாட்டேங்கிறாருண்ணே."

செத்த பிறகு ஏறிய பலம்

எனக்குத் தூக்கம் போய்விட்டது, ஏற்கனவே இருந்தால்தானே. பதினொன்று அதே பதினொன்று. மோகன் இருந்தபோது தட்டவில்லை. மோகன் மேட்டுக்குப் போன பிறகு தட்டுகிறது. அன்று ராத்திரி காரை வரச்சொல்லி அமுக்கமானியை வைத்தேன். முதல் சிலிண்டர் இருநூற்றுப் பதினைந்து. இரண்டாவதும் அதேதான். மானி கெட்டுவிட்டது என்று ஆ ஹெங்கின் மானியை எடுத்து வந்தேன். இருநூற்றுப் பதினைந்து. போனெட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். என் தலைக்கு மேல் வெள்ளை மார்க்கரில், அவன் கையெழுத்தில், நூற்று அறுபது. பழகப் பழக எஞ்சினில் அமுக்கம் இறங்கத்தான் வேண்டும். கட்டியவன் செத்த பிறகு பலம் ஏறிய எஞ்சினை நான் பார்த்ததில்லை.

கேஸ்கெட் பெட்டியின் பின்னால் கணக்குப் போட்டு, விடியும்போதுதான் கண்டுபிடித்தேன். இதை ஒரு சைக்கிள் பம்பு வைத்து உங்களுக்குச் சொல்கிறேன். பம்பின் வாயை விரலால் பொத்திக்கொண்டு அமுக்கினால் முழு அமுக்கமும் கிடைக்கும். பாதி தள்ளிய பிறகு பொத்தினால்? அதுவரை தள்ளிய காற்றெல்லாம் வந்த வழியே வெளியே போயிருக்கும். எஞ்சினில் அந்த விரல், காற்று வருகிற வால்வு. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அது சாத்துகிற நொடியிலிருந்துதான் உண்மையான அமுக்கம். அதுதான் டைனமிக் கணக்கு, எஞ்சின் உயிரோடு ஓடும்போது வருகிற கணக்கு. மோகனின் கேம் தாமதமாகச் சாத்தும். பிஸ்டன் கால்வாசி ஏறிவிடும். நானூறில் முந்நூறுதான் மிச்சம், அதோடு நாற்பதைக் கூட்டி நாற்பதால் வகுத்தால் எட்டரை. பெட்ரோல் நிலையத்து மஞ்சள் பம்பில் ஊற்றுகிற சாதாரணப் பெட்ரோல் அதைத் தாங்கும். நான் போட்ட கம்பெனி கேம் சீக்கிரம் சாத்தும். முந்நூற்று அறுபது மிச்சம், ஆக பத்து. அதே ஹெட், அதே பதினொன்று, உள்ளே பத்து. அந்தப் பெட்ரோல் தாங்காது. அவன் இரண்டையும் சேர்த்து யோசித்துத்தான் கட்டியிருக்கிறான். நான் ஒன்றை மட்டும் உருவிவிட்டேன்.

காலையில் வந்த ஆ ஹெங்கிடம் கணக்கைக் காட்டினேன். முப்பது வருடம் தோட்டத்து ஆட்களோடு பழகியவர், தமிழிலேயே திட்டுவார். கோப்பியை ஆற்றிக்கொண்டே படித்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மணியம், பேய் ஒன்னும் இல்ல லா. நீதான் போட்டே."

ஐந்து டிகிரி

நான் உடனே ஜெயந்தியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆயில் மாற்ற வந்தபோது, அவளுக்குத் தெரியாமல், பிளக் பொறி விழுகிற நேரத்தை ஐந்து டிகிரி பின்னுக்குத் தள்ளி வைத்தேன். சத்தம் நின்றுவிடும், கேட்டால் பேய் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு கோழைக் கணக்கு. நின்றுவிட்டது. நாலாம் நாள் காலை ஜெயந்தி மற்றவர்களை இறக்கிவிட்டுத் தனியாக வந்தாள். மூன்று நாளாகத் தூங்காத கண். மேட்டில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். "நான் என்ன தப்புண்ணே செஞ்சேன்?" என்று என்னிடம் கேட்டாள். என்னிடம்.

நான் ஜன்னலைத் தட்டினால் எழுந்து கதவைத் திறக்கவும் ஒருத்தி இருந்தாள். இப்போது ஜொகூர் பக்கம் எங்கேயோ, வேறொருவரோடு. அது காரணமில்லை, ஆனால் அன்று காலை அது ஞாபகம் வந்தது. "ஒன்னுமில்ல, ஒரு நட்டு லூசா இருக்கு, உக்காரு" என்று சொல்லி, போனெட்டைத் திறந்து, பொறியைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன். இருபது வருடத் தொழிலில், ஒரு எஞ்சின் உடையும் என்று தெரிந்தே நான் செய்த ஒரே வேலை அது. மறுநாள் சந்தியில் காரை நிறுத்தாமலே, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சிரித்துக்கொண்டே கத்திவிட்டுப் போனாள்: "இன்னிக்கு வந்தாருண்ணே!"

வெள்ளிப் பொடி

அதற்குப் பிறகு நான் காலையில் கடை பெருக்குவது ஒரு மாதிரி ஆகிவிட்டது. எண்ணெய் சிந்திய தரையில் மரத்தூளைப் போட்டுத் துடைப்பத்தை எடுப்பேன். அவள் கார் சந்தியில் திரும்பிப் போகும். துடைப்பத்தைப் பிடித்தபடி நிற்பேன். மேடு அரை மைல் தூரம், அங்கேயிருந்து ஒன்றும் கேட்காது. எனக்குக் கேட்கும்.

வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாக்கு சொல்லி மானியை வைத்தேன். மூன்றாவது சிலிண்டர் மட்டும் இருநூறானது, பிறகு நூற்று எண்பது, பிறகு நூற்று ஐம்பது. அதன் பிளக்கைக் கழற்றினால் வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவியதுபோலச் சின்னச் சின்ன வெள்ளிப் புள்ளிகள். அது பிஸ்டன். தட்டித் தட்டிப் பொடியாகி வெளியே வருகிறது. இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனில்லை. பிளக்கை அவள் கையில் கொடுத்தேன். கேம், வால்வு, எட்டரை, பத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறியைத் தள்ளி வைத்ததையும் திருப்பி வைத்ததையும் சொன்னேன். "அது மோகன் இல்லம்மா, நான்தான். அஞ்சு பேரு போறீங்க, ஹைவேயில ஒடஞ்சா என்ன ஆவுறது? பழைய கேமைப் போட்டுத் தர்றேன், நின்னுடும்." அவள் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புள்ளிகளை நகத்தால் தொட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். மெதுவாகத்தான் சொன்னாள்: "தெரியும்ணே, நீங்க கேம் மாத்துன அன்னியிலருந்துதான். ஆனா நீங்க மாத்துறவரைக்கும் அவரு பேசாமத்தானே இருந்தாரு?"

எங்களையும் சேர்த்து

பிளக்கை வாங்கிப் பூட்டினேன். அவள் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். சாவியைப் பிடுங்கி வைத்திருக்கலாம். ஐந்து பேர் ஷிப்டுக்குப் போக வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டு நாள். ஒன்பதாம் நாள் காலை, சந்தி வளைவுக்கு அப்பாலிருந்தே எனக்குக் கேட்டுவிட்டது. நான்கு கால் மாடு மூன்று காலில் நடக்கிற சத்தம். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். கார் நீலப் புகையோடு ஊர்ந்து வந்து நின்றது. கதவுகள் திறந்தன. ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ஒரு பெண் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

ஒரு லோரியைத் தாண்டிப் போகும்போது, பாதியில், மூன்றாவது சிலிண்டர் செத்திருக்கிறது. மிதிக்க மிதிக்க வண்டி ஓடவில்லை. பின்னால் ஒரு டிரெய்லர், விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே முதுகில் ஏற வந்திருக்கிறது. பக்கத்து லோரிக்காரர் பிரேக் போட்டு வழி விட்டதால் ஐந்து பேரும் இந்தச் சந்தியில் நிற்கிறார்கள். ஜெயந்தி இறங்கவே இல்லை, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். கமலா அக்கா முன் ஜன்னலில் குனிந்தார். கோபமில்லை, நடுக்கம்கூட இல்லை, சந்தையில் விலை சொல்வது போன்ற குரல்: "ஒன்னத்தான் கூப்புடுறாருன்னு நெனச்சேன், ஜெயந்தி. எங்களையும் சேத்துல்ல கூப்புடுறாரு."

மூன்றாவது பிஸ்டன்

அன்றிரவே ஹெட்டைக் கழற்றினேன். ஜெயந்தி லீவு போட்டுவிட்டு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது பிஸ்டனை வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் துடைத்துக் காட்டினேன். விளிம்பில் ஒரு துண்டு இல்லை, எலி கடித்த ரொட்டி மாதிரி. மேல்பரப்பெல்லாம் ஊசியால் குத்திய குழிகள். எத்தனை காலை என்று அதில் எண்ணிவிடலாம் போலிருந்தது.

இரண்டு வழி இருக்கிறது என்று சொன்னேன். கம்பெனி கேமை வைத்துக்கொண்டு தடித்த கேஸ்கெட் போட்டு உள்ளே இடத்தைக் கூட்டலாம். குலுங்காது, தட்டாது, எல்லாக் காரையும் போல ஒரு கார். இல்லையென்றால் மோகனின் கேம். தட்டாது, ஆனால் குலுங்கும். அவள் யோசிக்கவே இல்லை. அலமாரியைக் காட்டினாள். நாளிதழைப் பிரித்தேன். எண்ணெய் ஊறிய காகிதத்துக்குள் கேம் துருப்பிடிக்காமல் பளபளவென்று இருந்தது. புதுப் பிஸ்டன், மோகனின் கேம், எல்லாம் பூட்டி முடிக்க மூன்று ராத்திரி ஆயிற்று. மானியை நான்கிலும் வைத்தேன். நூற்று அறுபதை ஒட்டி நின்றது முள். அண்ணாந்து போனெட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை; அவள்தான் பார்த்து, உதட்டுக்குள் படித்துச் சரிபார்த்தாள்.

விடியலில் எங்கள் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு அவளே ஓட்டினாள். முன் சீட்டில் கமலா அக்கா. நான் பின்னால் மற்ற மூவரோடு கதவோரம் ஒடுங்கிக்கொண்டேன். எஞ்சின் சூடாகட்டும் என்று குருண் வரை போய்த் திரும்பினோம். சந்தியில் நின்றபோது கார் பழையபடி சிலிர்த்துக் குலுங்கியது, ஒருவரும் திட்டவில்லை. மேடு. நாலாவது கியர். காலை அழுத்தினாள். காற்றுச் சத்தம், டயர் சத்தம். வேறொன்றும் இல்லை. நீல வாளி வந்தது, போயிற்று. உச்சியைத் தாண்டி இறக்கத்தில் அவளே மூன்றாவதுக்கு மாற்றினாள். என்னைப் பெங்கெலில் இறக்கிவிடும்போது உடைந்த அந்தப் பிஸ்டனை ஒரு துணியில் சுற்றி அவளிடம் நீட்டினேன். வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள், பாரம் பார்ப்பதுபோல. பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்களே வச்சுக்குங்கண்ணே. தட்டுனா சொல்லுங்க."

பேய் என்று ஒன்று கிடையாது என்று இருபது வருடமாக எல்லோருக்கும் கணக்குப் போட்டுக் காட்டி, ஒன்றைக் கையாலேயே மாட்டிக் கையாலேயே கழற்றிய நான், இப்போதும் விடியற்காலையில் மரத்தூளைத் தூவித் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கத்தான் செய்கிறேன், அந்தப் பிஸ்டன் இருக்கிற அலமாரிக்கு முதுகைக் காட்டாமல்.